பதினாறாம் பக்கத்தில் முளைத்த மலை

படக்கதை எழுதி, அதற்குத் தானே படமும் வரைந்து, இரண்டுக்கும் சேர்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் சொல்லச் சொல்ல உங்கள் அத்தை எழுதும் கடிதம். உங்களுக்கும் நம் பெரியவளுக்கும் எங்கள் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடுங்கள், குனிந்தே உட்கார்ந்து வரைந்து கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், நாங்களும் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். மரியாதைக்குச் சொல்ல வேண்டியது இதோடு தீர்ந்தது. இனிமேல் வரப்போவதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

உங்கள் புத்தகம் நேற்று தபாலில் வந்தது. என் மூக்குக்கண்ணாடி வழக்கம்போல எங்கேயோ ஒளிந்துகொண்டுவிட்டது, தவிர நீங்கள் எறும்புகள் படிப்பதற்கென்றே எழுத்தை அச்சடிக்கிறீர்கள் போலிருக்கிறது, அதனால் எப்போதும்போல உங்கள் அத்தைதான் எதிரே உட்கார்ந்து படித்துக் காட்டினாள். படத்தையும் அவளே சொல்லிவிடுவாள், இந்தக் கட்டத்தில் இடிவீரர் மீசையை முறுக்குகிறார், அடுத்த கட்டத்தில் வானத்தேர் கிளம்புகிறது என்று. நானும் டீயைக் குடித்துக்கொண்டு நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினாறாம் பக்கம் வந்ததும் அவள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பிறகு மெதுவாகப் படித்தாள். இடிவீரர் வானத்தேரைக் கிளப்புகிறாராம், அவருடைய கூட்டாளி மண்ணழகி காலை ஓங்கித் தரையில் ஒரு மிதி மிதிக்கிறாளாம், தேருக்கு முன்னால் பெரிய மலை ஒன்று முளைக்கிறதாம். எதிரிக்கு முன்னால் முளைக்க வேண்டிய மலை தடம் மாறி முளைத்துவிட்டதோ என்று கேட்டேன். இல்லையாம், வேண்டுமென்றேதான் செய்தாளாம். இத்தனை காலம் கூடவே இருந்துவிட்டு, தலைவரையும் கூட்டாளிகளையும் நட்டாற்றில் விட்டுவிட்டு எதிரியின் பக்கம் போய் நின்றுகொண்டாளாம்.

மாப்பிள்ளை, எனக்குக் கதை எழுதத் தெரியாது, நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆனால் கதை விடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இதை எழுதும்போது உங்கள் மூளை எந்த ஊருக்குப் போயிருந்தது? பூமியையே ஆட்டி வைக்கிறவள், ஒரு மிதி மிதித்தால் கோட்டையே பிளந்துவிடும், அப்படிப்பட்டவளுக்குத் துரோகம் செய்ய ஒரு காரணம் வேண்டாமா? என்ன காரணம் போட்டிருக்கிறார் என்று கேட்டேன். "உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்"னு மண்ணழகி சொல்கிறாளாம். அடேயப்பா! இந்த 'உங்க நல்லதுக்குத்தான்' எனக்குப் புதுசு இல்லை. என் பல்லைப் பிடுங்கினவன் சொன்னான், டிப்போ மேனேஜர் என்னை ராத்திரி வண்டியிலிருந்து மாற்றியபோது சொன்னான், இப்போது மண்ணழகியும் சொல்கிறாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் யோசித்திருந்தால் இதைவிட உருப்படியாக ஒன்று தோன்றியிருக்கும். எதிரி அவளுக்கு ஒரு நாட்டையே எழுதிக் கொடுத்தான் என்றாவது போட்டிருக்கலாம். அதற்கும் சோம்பல்.

சரி, எவளோ ஒரு மண்ணழகி என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். இடிவீரர் யார் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். மீசை என்னுடையது, தொப்பை என்னுடையது, ஸ்டியரிங்கைப் பிடிக்கும் பிடிகூட என்னுடையது. மண்ணழகி உங்கள் அத்தை. அவள் நடந்தால் அலமாரியில் டம்ளர்கள் பேசிக்கொள்ளும், எந்தக் காய்ந்த குச்சியை மண்ணில் செருகினாலும் துளிர்த்துவிடும். கதையில் வரும் மற்ற இரண்டு கூட்டாளிகள் யாராக இருந்தால் எனக்கென்ன. ஆக, நீங்கள் எழுதியது கதை இல்லை, மாமியாரைத் துரோகி என்று ஊரறியச் சொல்லியிருக்கிறீர்கள். என்ன நிறுத்திட்டே? எழுது. துரோகின்னு எழுது. ம், எழுதிட்டா.

உங்கள் அத்தையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? என் கண்ணில் கொஞ்சம் புகை படிந்தது மாதிரி ஆனதிலிருந்து, நான் கார் எடுக்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே எனக்குப் படித்துக் காட்டுகிறவள் அவள். இடது பக்கம் சைக்கிள், வலது பக்கம் பால்காரர், முன்னால் நாய், நாய் போயிடுச்சு, இப்ப போங்க. நான் போய்க்கொண்டே இருப்பேன். இதைக் கேட்டு நம் பெரியவள் போனில் அலறுகிறாள். அலற என்ன இருக்கிறது? பஸ்ஸில் பின்பக்கம் யார் ஏறினான் யார் இறங்கினான் என்று நான் திரும்பிப் பார்த்தா வண்டியை எடுத்தேன்? கண்டக்டர் விசில் கொடுத்தால் எடுப்பேன், விசில் கொடுத்தால் நிறுத்துவேன். அவன் விசிலை நம்பாத டிரைவர் வண்டியைத் தொடவே கூடாது. எனக்கு இப்போது உங்கள் அத்தைதான் விசில். இதுவரைக்கும் தப்பு விசில் கொடுத்ததில்லை.

பெரியவள் உங்களிடம் அந்தச் செருப்பு விஷயத்தைச் சொல்லியிருப்பாள், ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லியிருப்பாள். நடந்தது இவ்வளவுதான். மருந்துக்கடை வளைவில் ஒரு சின்னப் பெண் பந்துக்குப் பின்னால் ஓடி வந்தது. உங்கள் அத்தை போட்டாளே ஒரு கூச்சல், தெருவே திரும்பியது. நான் பிரேக்கை அழுத்தினேன், வண்டி நின்றது. டயருக்கடியில் ஒரு செருப்பு போயிருந்தது, வெறும் செருப்பு, கால் அதில் இல்லை. புதுச் செருப்பும் வாங்கிக் கொடுத்தாயிற்று, பொம்மை ஒட்டியது. இதற்குப் போய் அந்தக் குழந்தையின் அம்மா நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள். உங்கள் அத்தையும் வீட்டுக்கு வருகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நானே குத்துமதிப்பாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

அடுத்து லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் டாக்டரின் சான்று வேண்டும் என்றார்கள். அங்கே சுவரில் எழுத்துப் பலகை இருக்கும் இல்லையா, அதை உங்கள் அத்தை முன்கூட்டியே போய் எழுதிக்கொண்டு வந்து எனக்கு மனப்பாடம் செய்ய வைத்தாள். குளிக்கும்போதும் ஒப்பித்தேன், சாப்பிடும்போதும் ஒப்பித்தேன். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரைக்கும் கடகடவென்று சொன்னேன், அடியில் இருந்த அச்சகத்தின் பெயரைக்கூட விடவில்லை. டாக்டரம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, "ஐயா, இன்னிக்குக் குழந்தைங்க பலகையை மாட்டியிருக்கேன், இதுல எழுத்தே இல்லை, யானையும் குடையும் வாத்தும்தான் இருக்கு" என்றாள். கேட்டீர்களா அக்கிரமத்தை! வயதில் பெரியவனை வாத்து பார்க்கச் சொல்லுகிற டாக்டரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். சான்று தர முடியாது என்று கையை விரித்துவிட்டாள். போனால் போகிறது, பத்திரமாக ஓட்டுகிறவனுக்குக் காகிதம் எதற்கு?

அதோடு விட்டதா சனி? கார் ஷெட்டின் வாசலை அடைத்து ஒரு லாரிக்காரன் தோட்டத்து மண்ணைக் கொட்டிவிட்டுப் போய்விட்டான். உங்கள் அத்தை பின்பக்கம் கொட்டச் சொன்னாளாம், அந்தப் புத்திசாலிக்கு வீட்டின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அள்ளிப் போட ஆள் கேட்டு அவளும் தினம் போன் செய்கிறாள், பாவம், அவன் இதோ அதோ என்று டபாய்க்கிறான். அதற்குள் அதில் பூசணிக்கொடி வேறு ஏறிவிட்டது. யார் விதை போட்டது என்று கேட்டேன், காக்கா போட்டிருக்கும் என்கிறாள். காக்காய்க்குக்கூட என் கார்மேல் கண்.

இவ்வளவு கஷ்டத்திலும் என் பக்கத்தை விட்டு நகராதவளைத்தான் நீங்கள் எதிரியின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். நேற்று அந்தப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு, "இடிவீரர் அவளை மன்னிப்பாரா?" என்று என்னிடமே கேட்கிறாள், எவ்வளவு மனசு நொந்திருந்தால் கேட்பாள்! நான் பட்டென்று சொல்லிவிட்டேன், எதிரியை மன்னிக்கலாம், கூட இருந்து குழி பறித்தவளை மன்னிக்கவே முடியாது என்று. உடனே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லாம் உங்களால் வந்தது. ஆகவே அடுத்த இதழில் அது மண்ணழகியே இல்லை, அவள் வேஷத்தில் வந்த எவளோ ஒருத்தி என்று போட்டு, முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வருத்தமும் தெரிவிக்க வேண்டும். செய்யாவிட்டால் அந்த மண்ணை அள்ளிய மறுநாளே காரை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். நெடுஞ்சாலை எனக்கு ஒரு பொருட்டா என்ன, பக்கத்தில் உங்கள் அத்தை இருக்கிறாள்.

பெரியவளை அதட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு திட்டினாலும் நீங்கள் எங்கள் வீட்டுப் பிள்ளை, நீண்ட ஆயுளோடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் அறிவோடும் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மாமனார்
(இடிவீரர்)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. மாமா படுத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை, திட்டெல்லாம் அப்படியே இருக்கிறது. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. உங்கள் புத்தகத்தில் மண்ணழகி யாருக்கும் துரோகம் செய்யவில்லை, நீங்கள் வரைந்தபடி எதிரியின் கோட்டையைத்தான் பிளக்கிறாள். அந்த மலையை நான்தான் சேர்த்துப் படித்தேன். முதல் நாளே போய்ப் பலகையை மாற்றச் சொல்லி டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டதும் நான்தான். லாரிக்காரரைக் குறை சொல்லக் கூடாது, பாவம், நான் கை காட்டிய இடத்தில்தான் கொட்டினார். பூசணி விதையும் நான் போட்டது. இதையெல்லாம் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கதையில் வைத்துச் சொன்னால் என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று நினைத்தேன். என்ன சொன்னார் என்று நீங்களே மேலே படித்துவிட்டீர்கள்.

அன்றைக்கு மருந்துக்கடை வளைவில் கூச்சல் போட்டது நான் இல்லை, மாப்பிள்ளை. அந்தக் குழந்தையின் அம்மா. நான் குழந்தையைப் பார்க்கவே இல்லை. புத்தகம் படிக்க முடிகிறது, தைக்க முடிகிறது, ஆனால் நாலு வீடு தள்ளி இருப்பதெல்லாம் எனக்கும் கொஞ்ச நாளாகக் கலங்கித்தான் தெரிகிறது. பாதி நேரம் சத்தத்தை வைத்துத்தான் சைக்கிள் என்றும் நாய் என்றும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னை அவ்வளவு நம்பி ஓட்டுவார், அதைப் பார்த்தால் எனக்குச் சொல்லவே தோன்றாது.

உறை ஏன் கனக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். உள்ளே கார்ச் சாவி இருக்கிறது, இரண்டாவது சாவியும் சேர்த்து. எங்காவது பூட்டி வையுங்கள். அவர் கேட்டால் கொடுக்காதீர்கள். அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நானே வந்து கேட்பேன், அப்போதும் கொடுக்காதீர்கள்.