பெண் பார்க்க வந்தவர் கொண்டுவந்த இரண்டு மவுஸ்

மனிதர்களைப் பார்த்ததும் எடைபோடும் திறமை எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. ஆனால் கேம் ஆடுகிற மவுஸைக் கையில் கொடுத்தால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன். வில்லியனூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்ததால் வந்த பழக்கம்.

பாகூர் பக்கம் எங்கள் வீடு. அம்மாவின் தம்பி செல்வம் மாமா, திருக்கனூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பெயர் தினேஷ். வாட்டசாட்டமான ஆள், அவர் உட்கார்ந்ததும் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. காபி கொடுத்துவிட்டு நான் தலையைக் குனிந்தபடி ஓரமாக உட்கார்ந்தேன். (வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். புடவை ஊக்கு இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.)

"ரெண்டு பேரும் இன்னாவது பேசுங்கப்பா," என்றார் மாமா.

தினேஷ் தொண்டையைக் கனைத்தார். "நீங்க கம்ப்யூட்டர் கடையில இருக்கீங்கன்னு சொன்னாங்க. கேம் ஆட ரெண்டு மவுஸ் ஆர்டர் பண்ணேன். ஒண்ணத் திருப்பி அனுப்பணும். எத வச்சிக்கலாம்?" என்று பையிலிருந்து இரண்டையும் எடுத்தார்.

அந்த நிமிடமே நான் மணப்பெண் பதவியிலிருந்து விலகிவிட்டேன்.

ஒன்று, தேன்கூடு போல முதுகெல்லாம் ஓட்டை, ஒயர் கிடையாது, கையில் இருப்பதே தெரியாத லேசு. இன்னொன்று குண்டு. பக்கவாட்டில் வரிசையாகப் பட்டன்கள், வயிற்றுக்குள் எடைக்கட்டிகள், செருகினால் திருவிழா போல எரியும் விளக்குகள்.

"சுடுற கேமா, படை சேக்குற கேமா?"

"சுடுறதுங்க."

"அப்ப சட்டுன்னு திருப்பணும். கையக் குடுங்க."

கொடுத்தார். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை சாணால் அளந்தேன். பிறகு ஒவ்வொரு மவுஸின் மேலும் அவர் கையை வைத்து, உள்ளங்கை முழுதாகப் படிகிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். (பார்க்க வந்த அன்றே பாணிக்கிரகணம்!) சமையலறை வாசலில் அம்மா காட்டிய ஜாடை எதுவும் என் கண்ணில் படவில்லை.

வந்த காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்று தினேஷின் அம்மா நினைத்திருக்க வேண்டும்.

"இன்னாம்மா, புடிச்சிருக்கா?"

குண்டு மவுஸைக் காதருகே வைத்து, பட்டனைத் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நான் நிமிராமலே சொன்னேன்:

"பாக்கத்தான் பகட்டா இருக்கு. ஒடம்பு ஓவர் கனம், அசைக்கவே முடியாது. கொஞ்ச நாள் போனா ஒண்ணு சொன்னா ரெண்டு செய்யும். பேசாம திருப்பி அனுப்பிடுங்க."

நிமிர்ந்தபோது தினேஷ் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் மவுஸச் சொன்னேங்க," என்றேன்.

"நான் எம்புள்ளையக் கேட்டேம்மா," என்றார் அந்த அம்மா.

மிக்சரைத் தொடாமலே கிளம்பிவிட்டார்கள். அவசரத்தில் தேன்கூடு மவுஸ் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. மாமாதான் பஸ் பிடித்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்று அம்மா ஓடினாள்.

"இடம் வேணாமாம். ஆனா அந்தப் புள்ள, 'அவங்க சொன்னது சரிதான், குண்ட அனுப்பிட்டேன்'னு சொல்லச் சொல்லிச்சி."

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனவர்களுக்கு நடுவில், எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டவர் அவர் மட்டும்தான்.

பிறகு அரியூர்க்காரர் ஒருவரோடு கல்யாணம் ஆனது. கம்ப்யூட்டரைத் துடைக்க மட்டும் தெரிந்தவர். எந்த விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தாலும் செல்வம் மாமா ஊருக்கே கேட்கிற குரலில் ஆரம்பிப்பார்:

"இன்னா பாப்பா, இத வாரண்டி எல்லாம் பாத்துதான எடுத்த?"

என் கணவர் சாம்பாரைப் பிசைந்தபடியே பதில் சொல்வார்:

"எனக்கு ஏது மாமா வாரண்டி? உங்க பொண்ணத் திருப்பி எடுக்க மாட்டோம்னு சொல்லித்தான குடுத்தீங்க!"