நாக்குக்காரரின் ஒரு குடம் தண்ணீர்

ஒரு தெருவில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதை அந்தத் தெருத் தண்ணீரை ருசி பார்த்தே சொல்லக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் மரக்காணத்தில், எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. நாக்குக்காரர் என்று எழுதினால் தபால் போய்ச் சேரும்.

உப்பளத்தில் முப்பது வருஷம் உழைத்தவர். பாத்தித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு பூக்க எத்தனை நாள் ஆகும் என்று சொல்வாராம். வேலையை விட்ட பிறகும் நாக்கு ஓயவில்லை. காலையில் வீடு வீடாகப் போய் கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ருசி பார்ப்பார். ஆள் கூடி நிறைய இறைத்தால், கடலோர ஊரில் தண்ணீரில் உப்பு ஏறும் என்பது அவர் கணக்கு. "உப்பு ஏறியிருக்குது. யார் வீட்டுக்கு ஆள் வந்திருக்குது?" என்பார். துபாய் போய்விட்டதாக ஊரை நம்பவைத்து மாமியார் வீட்டில் ஒளிந்திருந்த ஒரு மாப்பிள்ளை, இரண்டு வேளை குளித்ததால் இவரிடம் மாட்டிக்கொண்டார்.

குழந்தை பிறந்தால் இன்னும் மோசம். எல்லோரும் சட்டையும் கிலுகிலுப்பையும் கொண்டுபோக, இவர் மட்டும் பஸ் ஏறிப் போய், கூனிமேட்டிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து அந்த வீட்டுக் கிணற்றில் ஊற்றுவார். ஏன் என்று கேட்டேன்.

"எங்கம்மா பதினொண்ணு பெத்துது சார், மூணுதான் நின்னுச்சு. இப்ப ஊசி, மருந்துன்னு எல்லாம் பொழைச்சுக்குது. கெழவனுங்க நாமளும் சாவ மாட்டேங்கிறோம். நல்லதுதான். ஆனா கிணறு அதே கிணறுதான சார்? புது வாய்க்கு நம்மளால ஒரு குடம்."

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் எட்டு அறைகள் கட்டி, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அறைக்கு இருவர் என்றேன். ஆறு பேர் படுத்தார்கள். தெரியாததுபோல் இருந்தேன். கக்கூஸ் தொட்டியோ என் ஒரு குடும்பத்துக்கென்று கட்டியது. ஒருநாள், அறைக்காரர்களும் தண்ணீர் பிடிக்கும் என் குழாயில் விரல் வைத்த நாக்குக்காரரின் முகம் மாறியது.

"இது உப்பு இல்ல சார். தொட்டி கசியுது. பசங்க இத குடிக்க வேணாம்."

வாடகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டம்ளர் பிடித்து வெயிலில் காட்டினேன். "கண்ணாடி மாதிரி இருக்குது. கெமிஸ்ட்ரி படிச்சவன் நானா, நீயா? குடிச்சிட்டுப் பேசுய்யா."

"வாத்தியார் குடுத்து வேணாம்னு எப்படிச் சொல்றது" என்று முணுமுணுத்தபடி முழு டம்ளரையும் குடித்தார். நான் மட்டும் கேன் தண்ணீர் குடிப்பவன்; அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அறைகளில் ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலை. ஆறாவது ஆள் நாக்குக்காரர். ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் இருவர். பக்கத்து ஆளின் கால் இவர் காதருகே கிடந்தது.

"இங்கயும் ஆள் ஜாஸ்தி சார்" என்று சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். "பசங்க எப்படி இருக்காங்க?" என்று அவர்தான் கேட்டார்.

பையன்கள் பிழைத்துக்கொண்டார்கள். தொட்டியை இடித்து, தூரத்தில் பெரிதாகக் கட்டினேன். அறைக்கு இருவர் என்றால் இப்போது இருவர்தான்.

போன வாரம் என் பேத்திக்குக் குழந்தை பிறந்தது. மறுநாளே குடத்தோடு வந்துவிட்டார். காமாலைக்குப் பிறகு அவர் கைகளில் பலமில்லை. நான் ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தேன். அதில் பாதித் தண்ணீர் என் வேட்டியில் கொட்டியது.

"பாப்பா பங்கு கொறையுது சார்" என்றார்.

அடுத்த நாள் காலை கூனிமேட்டுப் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலிக் குடம் என் மடியில் இருந்தது.