ஆலம்பரையில் கோட்டை விட்டேன்

இந்தத் தடவை ஒரு சொந்தக்காரர் வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

நான் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. நாள் முழுக்க உப்போடு புழங்குகிறேன். வீட்டில் என் பேச்சு மட்டும் உப்புச்சப்பில்லாமல் போய்விடும். மனைவி மலர்கொடியோடு எங்கே சுற்றக் கிளம்பினாலும் ஸ்கூட்டர் கடைசியில் இரும்பையில் அவள் அப்பா வீட்டில் போய்த்தான் நிற்கும். பாண்டிச்சேரி பீச் பார்க்கப் போய், மாமனார் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிவிட்டுத் திரும்பியவன் நான்.

2006-ல் மழைக்காக உப்பளத்தில் வேலை நின்றதும் திட்டம் போட்டேன். ஈ.சி.ஆரில் வடக்கே போவது. ஆலம்பரைக் கோட்டை, உப்பங்கழியில் படகு, கடப்பாக்கத்தில் நண்டு, அப்புறம் மாமல்லபுரம். அவள் சொந்தமெல்லாம் தெற்கே. வயலை விட்டு நகராதவர்கள்.

“மலரு, ஞாயித்துக்கெழம டூர். நீயும் நானும் மட்டும். யார் வீட்டுக்கும் போறதில்ல.”

“சரிங்க.”

“உங்கப்பா வீட்டுக்கும் போறதில்ல.”

“அதான் சரின்னேனே.”

“கோவமா?”

“எனக்கென்னங்க கோவம். நண்டு எத்தினி மணிக்கு?”

“ஒரு மணிக்கு. கடையில சொல்லி வச்சிட்டேன்.”

“கோட்டைக்கு?”

“பத்துக்கெல்லாம் போயிடலாம்.”

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் இவ்வளவு ஆர்வமாக எதையும் கேட்டதில்லை. பூரித்துப்போய் முழுத் திட்டத்தையும் ஒப்பித்தேன். அவள் செல்போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். சிக்னலுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறன்று மழை விட்டிருந்தது. கோட்டைச் சுவரோரம் நின்று இரண்டு பேரும் கடலைப் பார்த்தோம். அவள் தலையைக்கூட என் தோளில் சாய்த்தாள். அப்போது ஒரு வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் மாமனார் முருகையன். அடுத்து மாமியார் பொன்னம்மாள். பின்னாலேயே மலர்கொடியின் வானூர் சித்தி, அவர் பிள்ளைகள், நான் கல்யாணத்தில்கூடப் பார்க்காத நாலு பேர்.

ஆலம்பரையில்தான் நான் கோட்டை விட்டேன்.

“மாப்ள, நீங்க கூப்புட்டதா மலரு சொல்லிச்சு,” என்றார் மாமனார். கண் கலங்கியிருந்தது. “இந்தக் காலத்துல யாரு மாமனார் வீட்ட டூருக்குக் கூப்புடுறாங்க?”

மலர்கொடியைத் தனியாக இழுத்தேன்.

“யார் வீட்டுக்கும் போறதில்லன்னுதான பேச்சு?”

“போகலையேங்க. அவங்கதான வந்திருக்காங்க.”

படகில் சித்தி பாட்டுப் பாடினார். மாமனார் தாளம் போட்டதில் படகு ஆடியது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அதை மலர்கொடி பார்த்துவிடாதபடி திரும்பிக்கொண்டேன்.

கடப்பாக்கத்தில் நண்டு வந்தது. அத்தனை கால் இருந்தும் எனக்கு ஒரு கால் மிஞ்சவில்லை. சட்டியை வழித்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன்.

இனி மாமல்லபுரம் வரையாவது ஸ்கூட்டரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று ஆறுதலோடு வண்டியை உதைத்தேன். மலர்கொடி வேனின் ஜன்னல் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அம்மாவுக்கு வேன் ஒத்துக்கலைங்க. பாத்துக் கூட்டிட்டு வாங்க.”

மாமியார் பின்னால் ஏறி என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, மெதுவா.”

கடப்பாக்கம் தாண்டுவதற்குள் ஒரு மாட்டுவண்டி எங்களை முந்திக்கொண்டு போயிற்று.