இண்டிகேட்டர் அக்கா

சங்கரன்கோவிலில் எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. வாய் உள்ள வண்டி ஒன்றே ஒன்றுதான். அது இண்டிகேட்டர் அக்கா பின்னால் உட்கார்ந்து வரும் மொபட்.

அக்காவுக்குப் பூ வியாபாரம். விடிந்ததும் பக்கத்துக் கிராமங்களில் மல்லிகை எடுத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முன்னால் பூ மூட்டை, நடுவில் வண்டி ஓட்டும் வீட்டுக்காரர், பின்னால் அக்கா. அந்த வண்டியில் லைட் என்று ஒன்று எப்போது எரிந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் அக்கா வீட்டுக்காரரின் வலது தோளில் ஒரு தட்டு தட்டுவார். இடது என்றால் இடது தோளில். பிறகு கையை நீட்டி, பின்னால் வருகிற ஊருக்கே அறிவிப்பார்.

இந்த ஊர் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே நான் என் வண்டியோடு அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன்.

“சாரே, ரைட்டு திரும்புதோம், பொறும்!”

பொறுத்தேன்.

“இல்ல, இல்ல, நேரா போறோம். பால் வாங்க மறந்துட்டு. நீரும் நேரா வாரும்!”

நானும் பால் கடை வரைக்கும் போய்விட்டேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பஸ்காரர் பின்னால் நின்று விடாமல் ஹாரன் அடித்தார். அக்கா திரும்பினார். “டிரைவர் அண்ணாச்சி, எதுக்குக் கெடந்து அலறுதீரு? முன்னால மாடு நிக்கி. அது நவுந்தா நாங்க நவுருவோம், நாங்க நவுந்தா நீரு நவுரும்!” டிரைவர் இஞ்சினையே அணைத்துவிட்டார். கண்டக்டர் இந்த அறிவிப்பை பஸ்ஸுக்குள் இன்னொரு முறை வாசித்தாராம்.

பஸ் ஸ்டாண்டு முக்கில் டிராபிக் பார்க்கும் போலீஸ் ஏட்டையா வண்டியை மறித்தார்.

“எக்கா, இண்டிகேட்டர் எங்க?”

“நாந்தான்.”

“பிரேக் லைட்டு?”

“அதுவும் நாந்தான்.”

அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அடுத்த முறை போட்டோ எடுத்தார். வீட்டுக்காரர் செல்லுக்கு பைன் வந்துவிட்டது. அக்கா அவரை இழுத்துக்கொண்டு அதே முக்குக்கு வந்தார். அந்த வழியாகப் போன நானும் வேடிக்கை பார்க்க நின்றேன்.

“ஏட்டையா, போட்டோல என் சத்தம் எப்படி வரும்? வீடியோல்லா எடுத்திருக்கணும்!”

ஏட்டையா தலையில் கை வைத்தார். “எக்கா, இன்னொரு தடவ மாட்டுனா வண்டிய ஸ்டேசன்ல போட்டுருவேன். அத விடுங்க, கைய நீட்டிக்கிட்டே வாரியளே, ஒருநாள் பஸ்காரன் ஒரசிட்டுப் போனாம்னா என்ன செய்விய?”

அக்காவுக்கு அது காதில் ஏறவில்லை. பக்கத்தில் வாய் திறக்காமல் நின்ற வீட்டுக்காரருக்கு ஏறிவிட்டது. நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். சாயங்காலம் எல்லா லைட்டும் போட்ட வண்டியைப் பூக்கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

இண்டிகேட்டர் டிக் டிக்கென்று மின்னியது. அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. “அப்போ இனி நான் எதுக்கு? பின்னாலயும் ஒரு மூட்டையக் கட்டிக்கிட்டுப் போங்க” என்றார். மறுநாள் மினி பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். கடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. பூ வாங்கப் போன எனக்கே பாவமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு முக்கில் ஒரே நெரிசல். நடுவில் அந்த மொபட், அதில் வீட்டுக்காரர் மட்டும். ரைட் இண்டிகேட்டர் ஜோராக மின்னுகிறது, வண்டி மட்டும் திரும்பவில்லை. பின்னால் லாரி, ஆட்டோ, பள்ளிக்கூட வேன் எல்லாம் கதறுகின்றன. ஏட்டையா ஓடிவந்தார்.

“வே, லைட்டுதான் போட்டாச்சுல்லா, திரும்பும்!”

“அவ தோள்ல தட்டலியே.”

“அதான் இண்டிகேட்டர் மின்னுதே!”

“அது பின்னால வாரவங்களுக்குல்லா ஏட்டையா. எனக்கு அவதான் தட்டணும்.”

வீட்டுக்காரர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். ஏட்டையா வண்டியைக் கையால் தள்ளித் திருப்பிவிட்டு, நேரே பூக்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

“கூறுகெட்ட மனுசன்!” என்றார் அக்கா. தொடுத்த பூவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “எம்புட்டு வண்டி நின்னுது?”

“தெருவே நின்னுச்சு எக்கா.”

அக்காவின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. மறுநாள் காலை, “சாரே, திரும்புதோம்!” என்ற சத்தம் பழையபடி கேட்டது.

இப்போது லைட்டும் எரிகிறது, அக்காவும் கத்துகிறார். கையை மட்டும் நீட்டுவதில்லை. அது வீட்டுக்காரர் தோளிலேயே இருக்கிறது. ஆபீசுக்கு எவ்வளவு நேரமானாலும் அந்த வண்டியை முந்திப் போக எனக்கு மனசு வருவதில்லை.