விசாவுக்கு நாலு போட்டோ

எழுபதுகளில் ஆரணியில் போட்டோ எடுத்துக்கொண்ட ஒருவருக்கும் முகத்தில் மச்சம் கிடையாது, மரு கிடையாது, தழும்பு கிடையாது. ஆண்டவர் கொடுத்ததையெல்லாம் கோட்டைப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் பென்சிலால் அழித்துவிட்டார். அவருடைய பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊருக்கே அவர் ‘பென்சில்’.

நெகடிவ் மேல் கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து முகத்தைச் சரிசெய்வதற்கு ‘டச்சிங்’ என்று பெயர். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் கேட்டால் செய்வார்கள். இவர் வேண்டாமென்றாலும் செய்வார். ஒரு சைக்கிள் திருடனைப் போலீஸ் கூட்டிவந்து படம் எடுக்கச் சொன்னபோது, அவன் புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பை எடுத்துவிட்டார். பிறகு அவன் தப்பியோட, அந்தப் படத்தோடு போளூர் வரைக்கும் தேடினார்கள். பார்த்தவர்களெல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளையாட்டம் இருக்கிறானே என்றார்களாம். இறந்துபோன ஒருவரை நாற்காலியில் சாய்த்து எடுத்த படத்தில் கண்ணைத் திறந்துவைத்தார். அந்த வீட்டம்மா ஒரு வாரம் அந்த அறைப்பக்கமே போகவில்லை.

கேட்டால் நம்மைத்தான் திட்டுவார். எனக்கும் கோபம் கொஞ்சம் அதிகம். டீச்சரான நான் பள்ளிக்கூடத்தில் குரல் கொடுத்தால் பக்கத்து வகுப்பும் அடங்கும். நாங்கள் இரண்டு பேரும் மோதிக்கொண்டது ஒரு விசாவில்.

எண்பதுகளின் தொடக்கம். என் அக்கா மேற்கு ஜெர்மனியில் நர்ஸ். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. ‘அம்மா பக்கத்தில் இருந்தால் போதும்’ என்று கடிதத்துக்குக் கடிதம் அழுதாள். அம்மா போக வேண்டுமென்றால் விசா. அக்காவின் அழைப்புக் கடிதம், அதில் அவள் ஊர் ஆபீஸ் முத்திரை, போகவர டிக்கெட், இன்ஷூரன்ஸ், திரும்பி வந்துவிடுவார் என்பதற்கு ஆதாரம் என்று பட்டியல் நீண்டது.

“நம்ம பசு ஆவணில கன்னு போடுது. அதுக்குள்ள வந்துருவேன்னு எழுதுடி” என்றாள் அம்மா.

நான் வீட்டு வரி ரசீதை வைத்தேன். பாக்கி நாலு போட்டோ.

அம்மாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் குழி. பாஸ்போர்ட்டிலேயே அடையாளம் என்ற இடத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்கள். பென்சிலிடம் படித்துப் படித்துச் சொன்னேன், டச்சிங் கூடாது என்று.

“சும்மா பேஜார் பண்ணாதீங்க டீச்சரே. எனுக்குத் தெரியும்” என்றார்.

படத்தை அம்மாதான் வாங்கிவந்தாள். கவரைப் பையில் வைத்துக்கொண்டவள் எனக்குக் காட்டவேயில்லை. மெட்ராஸில் விசா ஆபீஸ் கவுன்ட்டரில்தான் வெளியே எடுத்தாள்.

அங்கே இருந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “பொண்ணு போட்டோவ மாத்திக் குடுத்துட்டீங்க. இவங்களோடத குடுங்க.”

“இவங்கதாங்க அது” என்றேன்.

பாஸ்போர்ட்டை விரித்து என் பக்கம் திருப்பினார். “அப்போ தழும்பு எங்க?”

அவர்மேல் குற்றமில்லை. படத்தில் இருந்தவளுக்கு முப்பது வயது, கன்னம் பட்டுத்துணி மாதிரி வழவழவென்று இருந்தது. புதுப் படத்தோடு வரச் சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம். வாசலிலேயே ஸ்டுடியோ இருந்தது. அம்மா மாட்டேன் என்றாள். எடுத்தால் ஆரணியில், அவரிடம்தான் எடுப்பாளாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து நாலு படத்தையும் கிழித்து ஜன்னல் வழியாக எறிந்தேன். காஞ்சிபுரம் வரும்போது அம்மா சொன்னாள்.

“என் கல்யாணத்துக்குக்கூட போட்டோ எடுக்கலடி. மூஞ்சி இப்டி இருக்குது, வேணாம்னுட்டாங்க.”

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அம்மாவை ஸ்டுடியோவில் உட்காரவைத்துவிட்டு நான் போட்ட சத்தத்துக்குத் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

“உங்கம்மா அந்தப் படத்தக் கையில வச்சிகினு எவ்ளோ நேரம் நின்னாங்க தெரிமா உங்களுக்கு?” என்று அவரும் கத்தினார்.

“பார்த்து என்ன ஆவுது? அந்த மூஞ்சியோட ஜெர்மனில யார் உள்ள வுடுவாங்க? எங்க அக்கா அங்க தனியா கெடக்கிறா. இந்தப் புள்ளயும் தங்கலன்னா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?”

அவர் மேசையிலிருந்த பென்சில் டப்பாவை எடுத்து அம்மா மடியில் வைத்தார்.

“படம் கழுவி முடியிற வரைக்கும் இத நீங்க வச்சிகினு இருங்கக்கா. என் கைல இருந்தா சும்மா இருக்காது.”

ஒரு குழி விடாமல் படம் வந்தது. விசாவும் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்த நாலாம் நாள் பேத்தி பிறந்தாள். பசு கன்று போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் அம்மா திரும்பினாள். பென்சிலுக்கு ஒரு பெட்டி ஜெர்மனி பென்சில் வாங்கிவந்திருந்தாள்.

“ரொம்பக் கெட்டியா கீது. நெகடிவ் கீறிக்கும்” என்று முகத்தைச் சுளித்தார் மனிதர். ஆனால் அதில் ஒன்று கடைசிவரை அவர் சட்டைப்பையில் செருகியே இருந்தது.

எண்பதுகளின் முடிவில் அம்மா இறந்துபோனாள். பெரிய படமாகப் போட்டு மாட்டலாமென்று ஸ்டுடியோவுக்குப் போய், முதலில் எடுத்த அந்த வழவழப்பான படம்தான் வேண்டும் என்றேன்.

“அந்த நெகடிவ அன்னிக்கே கொளுத்திட்டேன். ரெண்டாவது எடுத்ததுதான் கீது.”

“அப்போ அதுல டச்சிங் பண்ணிக் குடுங்க.”

“முடியாது.”

ஊர் முகத்தையெல்லாம் கேட்காமல் மாற்றியவர், நான் வாய்விட்டுக் கேட்கும்போது முடியாது என்கிறார். அம்மா ஆசைப்பட்ட முகம் அது, கிழித்தெறிந்தது நான், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கத்தினேன். கத்தும்போதே அழுதுவிட்டேன்.

“இந்த மூஞ்சியப் பாத்துதான் டீச்சரே உங்கக்கா புள்ள பெத்தாங்க. இதுல நான் கை வைக்க மாட்டேன்” என்றார்.

ஒரு குழி குறையாமல் அம்மா இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் கண்ணாடியைத் துடைக்கிறேன். துடைத்து முடித்ததும் பென்சிலை இரண்டு வார்த்தை திட்டாமல் துணியைக் கீழே வைத்ததில்லை.