அசுவினியைப் பரணியாக்கிய பெட்டி

சேரன்மகாதேவி,
16-6-1994

பூஜ்யஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு மைத்துனன் ஸ்வாமிநாதன் அநேக நமஸ்காரம். இங்கு என்னைத் தவிர அனைவரும் சௌக்கியம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? தங்கள் சீமந்த புத்திரன் குருபிரசாத் என் குடியைக் கெடுத்த விவரம் பின்வருமாறு.

என் வண்ணார்பேட்டைக் கடையில் ஆறு வருஷமாக ஜாதகப் பொருத்தம் பார்த்துவந்தது, கணக்கு வாத்தியாரான நானே பேசிக் என்ற கம்ப்யூட்டர் பாஷையில் எழுதிய புரோகிராம். லீவுக்கு வந்தவன், "மாமா, பேசிக்கெல்லாம் போயாச்சு. சி-ங்கற பாஷையில மாத்தித் தரேன்" என்றான். மூன்று நாள் என் பெண் வித்யாலக்ஷ்மியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டினான், பழையதை ஃபிளாப்பியிலிருந்து அழித்தான், வேளைக்குப் பன்னிரண்டு இட்லி தின்றான், பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான்.

மறு வெள்ளிக்கிழமை வித்யாவைப் பெண் கேட்டிருந்த கல்லிடைக்குறிச்சிக்காரர் கடைக்கே வந்தார். பையன் பாங்க் ஆபீசர். பழைய கணக்கில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். எம்.சி.ஏ. படிக்கணும் என்று இவள் முனகியதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னால் பெருமையாகப் புது பிரிண்ட் எடுத்தேன். ரஜ்ஜு இல்லை என்று வந்தது. தாலி பாக்கியத்துக்குப் பார்க்கிற பொருத்தம் அது! "ஒங்க பெட்டி பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னேள்?" என்று தாம்பூலத்தைத் தொடாமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை வாழைக்காய் மண்டி சங்கிலிபூதத்தான் வந்து, "என்னவே சாமி, எம் மவளுக்கு ரேவதி. ஒம்ம பொட்டி நட்சத்திரமே இல்லைங்குது. அவ பொறந்தாளா, பொறக்கலியா?" என்று கத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்புறம்தான் உள்ளே துழாவினேன். என் பேசிக் மனுஷன் மாதிரி ஒன்றிலிருந்து எண்ணும். இந்தச் சனியன் சைபரிலிருந்து எண்ணுமாம். ஒன்றாவதான அசுவினி கேட்டால் பரணி வருகிறது, புனர்பூசம் கேட்டால் பூசம். கடைசி நட்சத்திரமான ரேவதிக்கு நாதியே இல்லை. கல்லிடைக்குறிச்சிக்கு ஓடினேன். "அப்போ முன்னாடி வந்த எட்டு மட்டும் நெஜம்னு எப்படி நம்பறது?" என்றார். பையனுக்கு வேறு இடம் நிச்சயமாகிவிட்டது. எனக்கு வயிறு எரிகிறது அத்திம்பேர். அவனை நீங்கள் ஒரு வார்த்தை கேட்கத்தான் வேண்டும்.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு, குருபிரசாத் நீங்கலாக, ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஸ்வாமிநாதன்

பி.கு.: தபாலில் சேர்க்கச் சொல்லி வித்யாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டாள். குருபிரசாத் சைபருக்கு ஒரு காலி இடம் விட்டு, ஒன்றில் அசுவினி வரும்படி சரியாகத்தான் எழுதியிருந்தானாம். அவன் ரயிலேறின அன்று சாயங்காலம் இவள்தான் அதை எடுத்துவிட்டாளாம். ஏண்டி என்றேன். "மூணு தடவை வேண்டாம்னேன் அப்பா. ஒங்க காதுல விழல. பெட்டி ஒரே தடவை சொல்லித்து, ஒடனே கேட்டுண்டேளே" என்றாள். எம்.சி.ஏ. விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து இடத்தை மட்டும் காலியாக விட்டு என் முன்னால் வைத்திருக்கிறாள். வேறு இன்லண்டு லெட்டர் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். குருபிரசாத்தை ஒன்றும் கேட்க வேண்டாம். கேட்க வேண்டிய ஆள் இங்கேதான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.