மழைநீர்த் தடுப்பு மணவறை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஓரிடத்தில் நின்று எதையும் செய்யத் தெரியவில்லை. சாப்பாடு பஸ்ஸிலே, தூக்கம் பஸ்ஸிலே. கல்யாணம் ஒன்றுதான் தரையில் மிச்சம் இருந்தது. 1984-இல் அந்தக் குறையையும் தீர்த்து, மனித குலத்தையே ஒரு படி மேலே ஏற்றிவிட்டது ஈப்போ வட்டார நடமாடும் திருமணச் சங்கம்.

தலைவர் பழனியப்பன் ஒரு பழைய பள்ளிக்கூட பஸ்ஸை வாங்கி, அதன் வயிற்றுக்குள் ஒரு மணவறையைப் பொருத்தினார். மேசை இழுப்பறை மாதிரி. நாலு பேர் சேர்ந்து இழுத்தால், தகரக் கூரையும் ஜிகினாத் தூண்களுமாக மணவறை பக்கவாட்டில் வெளியே வரும். தள்ளினால் உள்ளே போய்விடும். ரப்பர்த் தோட்டத்தை விற்றுத் துண்டு போட்ட இடங்களில் மண்டபத்துக்கு எங்கே போவது? இனி மண்டபமே வீடு தேடி வரும்.

ஒரே ஒரு சின்னக் குறை. மழை பெய்தால் பஸ்ஸுக்குள் தண்ணீர். பாரிட் புந்தாரில் ஐயர் நனைந்தார். தெலுக் இந்தானில் மைக் செத்தது, மைக்காரர் பிழைத்தார். சங்கம் சும்மா இருக்குமா? ‘மழைநீர்த் தடுப்பு உபகுழு’ அமைத்தது. உபகுழு ஒன்பது முறை கூடியது, நல்ல வெயில் நாளாகப் பார்த்து. இடுக்கெல்லாம் தார் பூசியது. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியது. வருண பகவானுக்குப் பூசை போட்டது. கடைசியில், விருந்தினர் தலையில் சொட்டக்கூடாது என்று, மணவறைக் கூரையின் மூன்று பக்கமும் நாலு விரல் உயரத்துக்கு வரம்பு கட்டியது. பஸ் பக்கம் மட்டும் திறப்பு.

“இது கூரையா, மாட்டுத் தொட்டியா?” என்று கேட்டவர் பத்துமலை. பெண்ணைப் பெற்றவர். நாற்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி, மங்குக் கிண்ணத்தில் பால் பிடித்தவர். அவருக்கு அந்த பஸ்ஸைக் கண்டாலே ஆகாது. ஆனால் மாப்பிள்ளை சீனிக்குத் தாய்மாமன் தலைவர் பழனியப்பன். “பஸ்ஸு வேணாம்னா பொண்ணும் வேணாம்” என்று அன்போடு சொல்லி அனுப்பியிருந்தார்.

முகூர்த்தம் பத்தரைக்கு. பழைய தோட்டத்துக் கோயில் வாசலில் பஸ் நின்றது. மகள் மங்களமும் சீனியும் மணவறையில் உட்கார்ந்தார்கள். பின்னால், பஸ்ஸுக்குள், வெல்வெட் நாற்காலியில் தாலித் தட்டோடு தலைவர். சுற்றிலும் சங்கத்தார். பத்து மணிக்கு மழை கொட்டியது. கூரை வெளிப்பக்கம் சற்றே சாய்ந்திருந்ததால் தண்ணீர் அங்கேயே தேங்கி, பத்தரை நெருங்கும்போது வரம்பு தளும்பியது.

செயலாளர் அப்பாவு விசில் ஊதினார். “விதி ஏழு! மழை வந்தா மணவறை உள்ள போகணும்! தள்ளுங்க!”

பத்துமலை மணவறையை ஒட்டிப் போட்டிருந்த சமையல் கொட்டகையிலிருந்து ஈர்க்குத் துடைப்பத்தோடு ஓடி வந்தார். “நிறுத்துலா! மேல தண்ணி நிக்குது. அதக் கூட்டி வெளிய விட்டுட்டு மணவறைய உள்ள தள்ளு. மங்குல மழத்தண்ணி நின்னா கவுத்துட்டுத்தான பால் எடுப்போம்?”

“முகூர்த்த நேரத்துல வெளக்கமாறா!” கண்ணை மூட வேண்டிய ஐயர் அவசரத்தில் காதை மூடிக்கொண்டார்.

“அண்ணே,” என்றார் தலைவர் நிதானமாக, “ஒம்பது கூட்டத்துல வெளக்கமாத்தப் பத்திப் பேச்சே வரல. மனு எழுதிக் குடுங்க, அடுத்த கூட்டத்துல பாக்கலாம்.”

“அதுக்குள்ள எம்மவ நனைஞ்சிருவா.”

“எப்படிண்ணே நனைவா? உபகுழு இருக்குல்ல?”

“அதான்யா பயமா இருக்கு.”

நாலு பேர் மணவறையைத் தள்ளக் கம்பியில் கை வைத்தார்கள். பத்துமலை அதற்கு மேல் மனுப் போடவில்லை. “மங்களம், எறங்கு! மாப்ள, நீங்களும்!”

மங்களம் சேலையைத் தூக்கிப் பிடித்து நேரே கொட்டகைக்குள் குதித்தாள். சீனி மாமனைப் பார்த்தான். மேலே தளும்பும் கூரையைப் பார்த்தான். “ரெண்டு நிமிஷம் மாமா,” என்று அவனும் குதித்தான்.

பத்துமலை பஸ்ஸுக்குள் கையை நீட்டினார். “தாலி.”

“தலைவர்தான் எடுத்துக் குடுக்கணும், விதி நாலு...” என்று தொடங்கினார் அப்பாவு.

நாலை முடிப்பதற்குள் தாலி பத்துமலை கையில் இருந்தது.

சாம்பார் அண்டா பக்கத்தில் தாலி ஏறியது. அந்தக் கொட்டகையின் சாய்ந்த தகரத்துக்கு உபகுழு எதுவும் இல்லை. தண்ணீர் தன் பாட்டில் வழிந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.

அங்கே சங்கம் கடமை தவறவில்லை. மணவறையை உள்ளே தள்ளினார்கள். அது டம்மென்று முட்டி நின்றது. கூரைத் தண்ணீர் நிற்கவில்லை. தலைவர், செயலாளர், உபகுழு, கூட்டக் குறிப்பேடு எல்லாம் ஒரே முழுக்கு.

வேட்டியைப் பிழிந்தபடி இறங்கிய பழனியப்பன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். “பாத்தீங்களாண்ணே! பொண்ணு மாப்ள மேல ஒரு சொட்டு விழல. மூணு கல்யாணத்துல இதான் முழு வெற்றி! பாராட்டி ரெண்டு வரி எழுதிக் குடுங்க.”

“எனக்கு எழுத வராது.”

“சொல்லுங்க, அப்பாவு எழுதிக்குவாரு.”

பத்துமலை அவரை மேலும் கீழும் பார்த்தார். “மழ ஒண்ணும் தானா உள்ள வரல லா. நீங்கதான் தொட்டி கட்டிப் புடிச்சு வச்சு, நாலு ஆளப் போட்டு உள்ள தள்ளிக்கிட்டீங்க.”

அப்பாவு ஈர நோட்டில் எழுதினார்: ‘மழையைப் பிடித்து வைத்து, நால்வர் கொண்டு உள்ளே சேர்க்கும் சங்கத்தின் ஆற்றலைப் பெண்ணின் தந்தை வியந்து பாராட்டினார்.’ சங்கம் கைதட்டியது. கை தட்டத் தட்டத் தண்ணீர் தெறித்தது.

“பத்தாவது கூட்டத்துக்கு நீங்களும் வாங்கண்ணே! நாலாவது பக்கமும் வரம்பு கட்டிட்டா பிரச்சனையே இல்ல!”

பத்துமலை துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கினார். “பொண்ணு மாப்ள நனையாததுக்குக் காரணம், அவங்க உங்க மணவறையில இல்ல,” என்றார். திரும்பிப் பார்க்காமல் கொட்டகைப் பக்கம் நடந்தார்.